தராசும் விசைப்பலகையும்: சி மொழியில் இரண்டுக்கும் ஒன்றாகக் காத்திருப்பது

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றின் எடை நிரலை நான் சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். வேலை சின்னதுதான். மின்னணுத் தராசு ஒரு பெட்டி வழியாகக் கடையின் வலையமைப்பில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டி எடையை டிசிபி (வலையமைப்பில் பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் முறை) வழியாக ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லாவில் இருப்பவர் ஷீட் கொண்டுவந்தவரின் பெயரையும் தரத்தையும் தட்டுவார், எடை நிலைத்ததும் எண்டரை அழுத்துவார், சீட்டு அச்சாகும்.

இதற்கு முன் யாரோ எழுதிய நிரல் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பெயரைத் தட்டத் தொடங்கியதும் திரையில் எடை எண் உறைந்துவிடும். எண்டர் அடித்த பிறகுதான் மறுபடி உயிர் வரும். அதற்குள் வேறொருவர் தராசிலிருந்து ஷீட் கட்டை இறக்கியிருப்பார். கடைக்கார மாமா என்னிடம் கேட்டார்: "மக்களே, நான் பெயர் அடிக்கும்போது தராசு எதற்கு நிற்கிறது? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

சரியான கேள்வி. நிரல் எழுதத் தெரிந்தவர்களே இதைப் பல நேரம் கேட்பதில்லை. விடை சி மொழியின் அடிப்படையிலேயே இருக்கிறது. 1989இல் வந்த ஆன்சி (அமெரிக்கத் தர நிறுவனம்) தரத்திலிருந்து இன்றுவரை சி மொழித் தரத்தில் வலையமைப்பு பற்றிப் பேச்சே கிடையாது. விசை ஏதாவது அழுத்தப்பட்டிருக்கிறதா என்று காத்திருக்காமல் கேட்டுப் பார்க்கவும் வழி கிடையாது. விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தை வாசிக்கும் கெட்சாரை அழைத்தால் எழுத்து வரும்வரை அது திரும்பாது. வலையமைப்பிலிருந்து வாசிக்கும் ரிசீவை அழைத்தால் பைட் வரும்வரை அதுவும் திரும்பாது. ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்ட நிரலுக்கு மற்றொன்றில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துக் காத்திருக்கும் வழியை இயங்குதளம்தான் தர வேண்டும். ஒவ்வோர் இயங்குதளமும் அதை ஒவ்வொரு விதமாகத் தருகிறது.

கடையில் இருப்பது விண்டோஸ். என் வீட்டில் லினக்ஸ். கணக்குப் பார்க்கும் மாமாவின் மகளிடம் மேக் மடிக்கணினி. மூன்றிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்று நானே பிடிவாதமாக இருந்தேன். திருவட்டாரில் வீட்டில் உட்கார்ந்து சோதித்ததும் கடையில் ஓடுவதும் வேறு வேறு நிரலாக இருந்தால் என் சோதனைக்கு மதிப்பே இல்லை.

பலர் செய்வது இது: விண்டோஸுக்கும் யூனிக்ஸுக்கும் (லினக்ஸும் மேக்கும் அந்த வகை) பெயரில் வேறுபடும் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் (ஃபங்ஷன்) அந்த வேறுபாட்டை மறைக்கும் ஓர் உறை எழுதுவார்கள். இந்த இயங்குதளமானால் இந்த வரி என்று பிரிக்கும் ஹேஷ் இஃப்டெஃப் நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நான் அப்படிச் செய்வதில்லை. செயற்கூறுகளின் பெயர் மாறுவது பெரிய விஷயமே அல்ல; காத்திருக்கும் விதம் மாறுவதுதான் விஷயம். ஆகவே உறை போட வேண்டியது காத்திருப்புக்கு. என் நிரலில் இயங்குதளத்தைத் தொடும் செயற்கூறுகள் நான்கே: தொடங்கு, காத்திரு, அனுப்பு, முடி. காத்திரு என்பது திரும்பும்போது, விசை வந்தது, தராசிலிருந்து பைட்டுகள் வந்தன, நேரம் கடந்தது, இணைப்பு போனது என்ற நான்கில் எது நடந்தது என்று சொல்லும். அந்த நான்கு செயற்கூறுகளும் யூனிக்ஸுக்கு ஒரு கோப்பில், விண்டோஸுக்கு இன்னொரு கோப்பில். மீதி நிரலுக்குத் தான் எந்தக் கணினியில் ஓடுகிறோம் என்பதே தெரியாது.

யூனிக்ஸ் பக்கம் எளிது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை, சாக்கெட்டுகளோடு (வலை இணைப்பின் முனைகள்) சேர்த்து, பலவற்றுக்கு ஒன்றாகக் காத்திருக்கும் செலெக்ட் என்ற அழைப்பையும் கொண்டுவந்தது. அங்கே விசைப்பலகையும் கோப்பு எண்தான் (திறந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தரும் எண்), சாக்கெட்டும் கோப்பு எண்தான். விசைப்பலகைக்குப் பூஜ்ஜியம், சாக்கெட்டுக்குக் கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) கொடுத்த எண், இரண்டையும் ஒரு தொகுப்பில் போட்டு, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டால், எது முதலில் நடக்கிறதோ அப்போது திரும்பும். திரும்பும்போது நாம் கொடுத்த தொகுப்பையே மாற்றி எழுதிவிடும் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நிரப்ப வேண்டும். நேரத்தையும் அப்படியே, லினக்ஸ் அதில் மீதி நேரத்தை எழுதி வைக்கும், மற்றவை பெரும்பாலும் தொடுவதில்லை.

போல் என்ற இன்னொரு அழைப்பும் உண்டு. இடைமுகமாகப் பார்த்தால் அது செலெக்டைவிடத் துப்புரவானது. ஆனால் மேக்கின் போல், டெர்மினல் (எழுத்துகளைத் தட்டவும் காட்டவும் உள்ள சன்னல்) போன்ற சாதனங்களை ஏற்பதில்லை என்று அதன் கையேட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இரண்டே எண்களைப் பார்க்கப்போகும் எனக்கு செலெக்டே போதும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, செலெக்டையும் கெட்சாரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கெட்சார் ஓர் எழுத்து கேட்டாலும் உள்ளே கிடைப்பதையெல்லாம் அள்ளித் தன் பஃபரில் (தற்காலிக இடத்தில்) வைத்துக்கொள்ளும். செலெக்ட் பார்ப்பது கர்னலிடம் இருப்பதை மட்டும். "மணி" என்று ஒட்டியிருந்தால் (பேஸ்ட்) முதல் பைட் நம் கைக்கு வரும், மீதி பஃபரில் கிடக்கும், செலெக்ட் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் காத்திருக்கும். கர்னலிடமிருந்தே வாசிக்கும் ரீட் அழைப்பை நேரடியாகப் பயன்படுத்துவதே வழி.

இரண்டாவது, டெர்மினல் இயல்பாக வரி முறையில் இருக்கும். எண்டர் அடிக்கும்வரை எழுத்துகள் நிரலுக்கு வராது. நம் நிரலுக்கு ஒரு முழு வரி போதும் என்றால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. பின்னழிப்பையும் கர்னலே பார்த்துக்கொள்ளும். எனக்கு அது போதவில்லை. எடை மாறும்போதெல்லாம் திரையை மறுபடி வரைய வேண்டும், பாதி தட்டிய பெயரும் அழியாமல் இருக்க வேண்டும் என்றால், அந்தப் பாதிப் பெயர் என் கையில் இருக்க வேண்டும். எனவே டெர்மினல் அமைப்பை மாற்றும் டெர்மியோஸ் வழியாக வரி முறையையும் எதிரொலியையும் (தட்டியது தானே திரையில் தெரிவது) அணைத்தேன். கன்ட்ரோல்-சி வேலை செய்ய வேண்டும் என்பதால் சிக்னல் (நிரலுக்கு இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பு) கொடியை மட்டும் தொடவில்லை.

விண்டோஸில் கதை வேறு. அங்கும் செலெக்ட் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது சாக்கெட்டுகளை மட்டுமே அறியும். விசைப்பலகைக்காகப் பூஜ்ஜியத்தைக் கொடுத்தால் 10038 என்ற பிழை எண் வரும். "இது சாக்கெட் அல்ல" என்று பொருள். தொகுப்பும் உள்ளே வேறு. யூனிக்ஸில் அது பிட்டுகளின் வரிசை. விண்டோஸில் சாக்கெட் எண்களின் பட்டியல், இயல்பாக 64 இடம். யூனிக்ஸில் முதல் உள்ளீடாக மிகப் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித் தர வேண்டும். விண்டோஸ் அதைப் பார்ப்பதே இல்லை. தொகுப்புகள் எல்லாம் காலியாக இருந்தால் யூனிக்ஸ் செலெக்ட் சொன்ன நேரம் தூங்கி எழும், விண்டோஸில் அது பிழை. தராசு இணைப்பு இல்லாத நேரத்தில் இது மிக முக்கியம்.

அப்படியென்றால் விசைப்பலகைக்கு என்ன செய்வது? இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் விடை கேபிஹிட். பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை செலெக்டிலிருந்து வெளியே வந்து, விசை ஏதாவது அழுத்தப்பட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போவது. ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்காதபோதும் நொடிக்கு நூறு முறை எழுந்திருக்கும் நிரலை ஒரு கடைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய குறை, கேபிஹிட் கன்சோலை (விண்டோஸின் டெர்மினல்) மட்டுமே பார்க்கும். உள்ளீடு ஒரு கோப்பிலிருந்தோ பைப்பிலிருந்தோ (வேறு நிரலின் வெளியீட்டை ஊட்டும் குழாய்) வந்தால் அதற்குத் தெரியாது. நான் நிரலைச் சோதிப்பதே ஒரு நாளின் பெயர்களையெல்லாம் கோப்பில் எழுதி உள்ளே ஊட்டித்தான்.

இரண்டாவது வழி வெயிட்ஃபார்மல்ட்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ். பெயரே சொல்வதுபோல் பல பொருள்களுக்காக ஒன்றாகக் காத்திருக்கும். கன்சோலையும் கொடுக்கலாம், சாக்கெட்டோடு கட்டிய நிகழ்வையும் கொடுக்கலாம். பார்க்க இதுதான் விண்டோஸின் முறையான வழி. ஆனால் கன்சோல் "தயார்" என்று சொல்வது எழுத்து வந்ததற்கு மட்டும் அல்ல. விசையை அழுத்தினால் ஒரு பதிவு, விட்டால் இன்னொரு பதிவு. சுட்டி நகர்ந்தால் பதிவு, சன்னலின் அளவு மாறினால் பதிவு, சன்னல் முன்னே வந்தாலும் பின்னே போனாலும் பதிவு. தயார் என்றதை நம்பி ஒரு வரி வாசிக்கப் போனால், எழுத்தே வந்திருக்காது. நிரல் எண்டருக்காக உறைந்து நிற்கும். மாமாவின் பழைய நிரல் செய்ததையே நாம் இன்னும் சிக்கலாகச் செய்து முடித்திருப்போம். பதிவுகளை ஒவ்வொன்றாக வாங்கி வடிகட்டினால் இது சரியாகிவிடும். ஆனால் பைப்புக்கு இந்த வழி உதவாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

நான் எடுத்தது மூன்றாவது வழி. விசைப்பலகைக்கென்று தனியாக ஓர் இழை (த்ரெட்), அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு பகுதி. அதற்கு ஒரே வேலை: உள்ளீட்டில் போய் உட்கார வேண்டும், வந்ததை ஒரு சாக்கெட்டில் எழுத வேண்டும். அந்தச் சாக்கெட்டின் மறுமுனை முதன்மை இழையிடம் இருக்கும். இப்போது செலெக்டுக்கு முன்னால் இருப்பவை இரண்டும் சாக்கெட்டுகள்; விண்டோஸ் செலெக்டுக்குப் புகார் இல்லை.

விண்டோஸில் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சாக்கெட்டுகளைத் தரும் அழைப்பு கிடையாது, நாமே செய்துகொள்ள வேண்டும். இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் போர்ட் (இணைப்பு எண்) பூஜ்ஜியம் என்று கேட்டுக் காது கொடுத்தால் காலியாக உள்ள போர்ட் ஒன்றை இயங்குதளமே தரும். அந்த எண்ணைக் கேட்டறிந்து, இன்னொரு சாக்கெட்டை அதனோடு இணைத்து, ஏற்றுக்கொண்டு, காது கொடுத்ததை மூடிவிட வேண்டும். ஏற்றுக்கொண்ட இணைப்பின் மறுமுனைப் போர்ட் நம்முடையதுதானா என்று கட்டாயம் ஒப்பிட வேண்டும். அதே கணினியில் ஓடும் வேறு நிரல் அந்த இடைவெளியில் புகுந்துவிட முடியும். பலர் எழுதிய உதாரணங்களில் இந்த ஒப்பீடு இருப்பதில்லை. சேர்க்க இரண்டு வரிதான் ஆகும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது முடிவு வரும் விதம். உள்ளீட்டுக் கோப்பு தீர்ந்ததும் இழை தன் சாக்கெட்டை மூடும். முதன்மை இழையில் ரிசீவ் பூஜ்ஜியம் தரும். யூனிக்ஸில் கோப்பு தீரும்போது ரீட் தருவதும் அதே பூஜ்ஜியம். இரு கோப்புகளுக்கும் மேலே இருக்கும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

மற்ற வேறுபாடுகள் சில்லறை. விண்டோஸில் முதலில் அதன் சாக்கெட் நூலகமான வின்சாக்கைத் தொடங்கி வைக்க வேண்டும். சாக்கெட்டை மூட க்ளோஸ்சாக்கெட். பிழை எண்ணை யூனிக்ஸில்போல் எர்நோவில் தேடக் கூடாது. யூனிக்ஸில் மறுமுனை மூடிய சாக்கெட்டில் எழுதினால் சிக்பைப் என்ற சிக்னல் நிரலையே முடித்துவிடும். லினக்ஸில் அதை அனுப்பும் அழைப்பிலேயே அடக்கலாம், மேக்கில் சாக்கெட்டின் அமைப்பில் அடக்கலாம், விண்டோஸில் அந்தச் சிக்னலே கிடையாது.

இனி தமிழ். எங்கள் பக்கத்தில் மணி என்று மட்டும் எழுதினால் யாருக்கும் விளங்காது. பொன்மனை மணி, கடையாலுமூடு மணி என்று ஊரோடு சேர்த்துத்தான் சீட்டில் எழுதுவார்கள். எனவே பெயர்கள் தமிழில் வரும், நீளமாகவும் வரும். "மணி" என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் மூன்று குறிகள்: ம, ண, இகரக் கொக்கி. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்பது பைட்டுகள்:

224 174 174
224 174 163
224 174 191

தமிழுக்கான யூனிகோடு பகுதியில் உள்ள எல்லாக் குறிகளும் 224இல்தான் தொடங்கும். இரண்டாவது பைட் 174 அல்லது 175. யூனிக்ஸ் டெர்மினலில் இவை ஒவ்வொரு பைட்டாக வரும். ரீட் இரண்டு பைட்டை மட்டும் தந்துவிட்டு மீதியை அடுத்த சுற்றில் தரலாம். அந்த இரண்டு பைட்டைத் திரையில் வரைந்தால் குப்பைதான் தெரியும். மூன்றும் சேரும்வரை வைத்திருக்க வேண்டும். பின்னழிப்பு விசைக்கும் அதே கவனம்: ஒரு பைட்டை எடுத்தால் போதாது, 128 முதல் 191 வரை உள்ள பைட்டுகளைத் தாண்டிப் பின்னோக்கிப் போய், குறியின் முதல் பைட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். "மணி"யில் ஒருமுறை அழித்தால் கொக்கி மட்டும் போய் "மண" நிற்கும். தமிழ் தட்டிப் பழகியவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான்.

விண்டோஸில் இந்த 224க்கு இன்னொரு பங்கும் உண்டு. கெட்ச் என்ற பழைய செயற்கூறு அம்பு விசைகளுக்கு இரண்டு எண் தரும். மேல் அம்பு என்றால் 224, பிறகு 72. தமிழ் எழுத்தின் முதல் பைட்டும் அம்பு விசையின் முன்னொட்டும் ஒரே எண். ஆங்கிலம் மட்டும் தட்டுபவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. நல்ல வேளையாகத் தமிழின் இரண்டாவது பைட் 72 ஆக வரவே முடியாது என்பதால் பிரித்தறிய வழி உண்டு. ஆனாலும் நான் கெட்ச் பக்கமே போகவில்லை. என் விசைப்பலகை இழை கன்சோலிலிருந்து அகல எழுத்துப் பதிவுகளை வாங்குகிறது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒரே 16 பிட் எண். அதை யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சாக்கெட்டில் எழுதுகிறது. மேல் அம்பு விசை வந்தால் யூனிக்ஸ் டெர்மினல் தரும் 27, 91, 65 என்ற வரிசையையே எழுதுகிறது. உள்ளீடு கன்சோல் அல்ல, பைப் என்று தெரிந்தால் பைட்டுகளை அப்படியே கடத்துகிறது. மேலே இருக்கும் நிரல் எல்லா இடத்திலும் ஒரே மொழியில் விசைகளைப் பெறுகிறது.

தராசுப் பக்கமும் பைட் கதைதான், ஆனால் இங்கே பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. டிசிபி பைட்டுகளின் ஓட்டம். அதற்கு வரி என்பது தெரியாது. தராசு 042.60 என்று ஒரு வரியாக அனுப்பினாலும் நமக்கு ஒரு ரிசீவில் 04 என்றும் அடுத்ததில் 2.60 என்றும் வரலாம். வந்ததை உடனே எண்ணாக மாற்றும் நிரல் நாற்பத்திரண்டு கிலோவை நான்கு கிலோ என்று காட்டும். இருட்டோடு எழுந்து பால் வெட்டி, உறைய வைத்து, உருட்டி, புகையில் உலர்த்திக் கொண்டுவந்தவரின் ஷீட் அது. வரி முடிவு வரும்வரை எண்ணைத் தொடக் கூடாது. வரி முழுதாக வந்த பிறகும் அதன் நீளமும் புள்ளி இருக்கும் இடமும் சரியா என்று பார்த்த பிறகே திரைக்கு அனுப்புகிறேன்.

ஐப்பசி மழையில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வரும். தராசுப் பெட்டி அணைந்துபோனால் நம் பக்கச் சாக்கெட்டுக்கு எந்தச் சேதியும் வராது. பெட்டி விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. திரையில் பழைய எடை அப்படியே நிற்கும். டிசிபியின் உயிர்ப்புச் சோதனையை (மறுமுனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் வசதி) இயக்கினாலும் லினக்ஸிலும் விண்டோஸிலும் இயல்பான காத்திருப்பு 2 மணி நேரம். கடைக்கு அது உதவாது. செலெக்டின் நேர எல்லைதான் இங்கே கைகொடுக்கிறது. பெட்டி ஓயாமல் பேசும் இயல்புடையது என்பதால், மூன்று நொடி மௌனமாக இருந்தாலே இணைப்பு போனதாக எடுத்துக்கொண்டு எடை எண்ணை அழித்து, கோடுகளைக் காட்டிவிடுகிறேன். நேரமும் ஓர் உள்ளீடுதான், அதையும் சேர்த்துத்தான் காத்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மறுபடி இணையும்போதும் நிரல் உறையக் கூடாது. இணைக்கும் அழைப்பையும் காத்திருக்காத முறையில் செய்ய வேண்டும். இங்கே இன்னொரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. இணைப்பு தோற்றால் யூனிக்ஸ் அதை "எழுதத் தயார்" என்ற செலெக்ட் தொகுப்பில் சொல்லும். சாக்கெட்டிடம் பிழையைக் கேட்டுத்தான் தோல்வி என்று அறிய வேண்டும். விண்டோஸ் அதை விதிவிலக்குத் தொகுப்பில் சொல்லும். எழுதும் தொகுப்பை மட்டும் பார்க்கும் நிரல் விண்டோஸில் தோல்வியை அறியாமலே காத்துக்கொண்டிருக்கும். நான் எல்லா இயங்குதளத்திலும் இரண்டு தொகுப்பையும் கொடுத்து, எதில் வந்தாலும் பிழையைக் கேட்டுவிடுகிறேன்.

நிரல் எப்படி முடிந்தாலும் டெர்மினலைப் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும். தொடங்கும்போதே பழைய அமைப்பை எடுத்து வைத்து, வெளியேறும்போது ஓடும் செயற்கூறாகப் பதிந்துவிடுகிறேன். கன்ட்ரோல்-சி வந்தாலும், கன்ட்ரோல்-இசட் கொடுத்து நிறுத்தித் திரும்பி வந்தாலும் அதற்கேற்ற சிக்னல்களிலும் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் பயனாளி தட்டுவது எதுவும் திரையில் தெரியாது.

லிப்யூவி போன்ற ஒரு நூலகத்தை எடுத்துக்கொண்டால் இதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்காக உருவான அந்த நூலகம் மூன்று இயங்குதளத்திலும் நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் கன்சோலை வரி முறையில் வாசிக்க அதுவும் முதன்மை இழையை நிறுத்தாமல் வேறோர் இழையிடம்தான் வேலையைக் கொடுக்கிறது. கடையில் இரண்டாவது தராசு வந்து, மொபைலுக்கும் தகவல் அனுப்பச் சொன்னால் நானும் அதற்கு மாறிவிடுவேன். மாற வேண்டியது அந்த நான்கு செயற்கூறுகள் இருக்கும் இரண்டு கோப்புகள் மட்டும்.